சீலுக்குப் புது வீடு: குழாயா, குளமா, மருத்துவமனையா?

மீன் காட்சியகம் ஒன்று சீல்களுக்குப் புதிதாக இடம் கட்டப்போகிறது என்றால், வரைபட மேசையில் முதல் சண்டை கண்ணாடியை எங்கே வைப்பது என்பதில்தான் வரும். மேலே நின்று குனிந்து பார்ப்பதா, பக்கவாட்டில் நின்று பார்ப்பதா, தலைக்கு மேலே நீந்தவிட்டு அண்ணாந்து பார்ப்பதா? தொட்டியின் ஆழம், பம்ப்பின் அளவு, மாதச் செலவு, அந்த விலங்கின் அன்றாடம் எல்லாமே இந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டுதான் வரும். இதற்கு ஐந்து ஊர்கள் ஐந்து விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்பது ஓரளவு தெளிவாகிறது.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். சீலைத் தமிழில் கடல்நாய் என்கிறோம். நீர்நாய் வேறு, அது காவிரியிலேயே உண்டு. கடல் சிங்கமும் வேறு. அதற்குக் காது மடல் இருக்கும், பின் துடுப்புகளை உடம்புக்கு அடியில் மடக்கி நடக்கவும் தெரியும். சீலுக்குக் காது இருக்கும் இடத்தில் ஒரு துளை மட்டும்தான். தரையில் வயிற்றை உந்தி உந்தித்தான் நகரும். அதனால் கடல் சிங்கத்துக்காகக் கட்டிய உயரமான பாறை மேடை சீலுக்கு உதவாது. அதற்குத் தண்ணீரோடு தண்ணீராகச் சரிந்து இறங்கும் தாழ்வான திட்டு வேண்டும்.

ஆழம் என்ன? அமெரிக்க மத்திய அரசின் விலங்கு நல விதிப்படி, சீல், கடல் சிங்கம் போன்றவற்றின் குளம் குறைந்தது 3 அடி ஆழம் இருக்க வேண்டும். அல்லது அங்கிருக்கும் மிகப் பெரிய இனத்தின் சராசரி நீளத்தில் பாதி. இரண்டில் எது அதிகமோ அது. துறைமுகச் சீல் என்று சொல்லப்படும் இனம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல் வளரும். கணக்குப் போட்டால் 3 அடியே போதும் என்று வந்துவிடுகிறது. கடலில் நூறு மீட்டருக்கும் கீழே முங்கிப் போகக்கூடிய விலங்குக்கு நம் இடுப்பளவு தண்ணீர். சட்டம் சொல்வது கடைசிக் கோடு. அதையே திட்டமாக எடுத்துக்கொண்டு கட்டுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, முதலில் பாஸ்டன். அங்குள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியம் 1969-ல் திறக்கப்பட்டது. அதன் துறைமுகச் சீல்கள் டிக்கெட் கவுண்டருக்கு வெளியே, முன்முற்றத்தில் இருக்கின்றன. படகுத்துறைக்கு நடக்கிறவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். இந்த முற்றத்தின் பெருமை ஹூவர் என்ற சீல். 1971-ல் மெய்ன் மாநிலக் கடற்கரையில் தாயில்லாக் குட்டியாகக் கிடைத்து, ஒரு வீட்டுக் குளியல் தொட்டியில் வளர்ந்து, அப்புறம் இங்கே வந்து சேர்ந்தது. சில ஆண்டுகள் கழித்து அது பேச ஆரம்பித்தது. ‘இங்கே வா’, ‘ஏய், ஏய்’ என்று, அந்தப் பகுதி ஆண்களின் கரகரத்த உச்சரிப்பிலேயே. 1985-ல் ஹூவர் இறந்துவிட்டது. சீலால் கேட்ட குரலைத் திருப்பிச் சொல்ல முடியும் என்பதைச் சாதாரண மக்கள் தெரிந்துகொண்டது அதனிடமிருந்துதான்.

இலவசமாகப் பார்க்கவிடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். இதன் ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. திறந்த குளம் எங்கே இருந்தாலும் அதில் காசு விழும். வேண்டுதலுக்குப் போடுகிறவர்களும் உண்டு, விளையாட்டாகப் போடுகிறவர்களும் உண்டு. சீல்கள் அதை விழுங்கிவிடும். அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயத்துக்குள் 1982 முதல் துத்தநாகம்தான் இருக்கிறது. வயிற்று அமிலத்தில் அது கரைந்தால் நஞ்சு. ஆகவே முற்றத்துக் குளம் கட்டுகிறவர் விளிம்புச் சுவரை உயர்த்தி, மேலே கண்ணாடி வைத்து, தினமும் அடித்தரையைப் பார்க்க ஆள் வைக்க வேண்டும். வெயிலும் ஒரு பிரச்சினை. அதைத் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

அடுத்தது டெட்ராய்ட். அது மீன் காட்சியகம் இல்லை, உயிரியல் பூங்கா. ஆனால் அங்கே 2001-ல் திறந்த ஆர்க்டிக் வளாகத்தைச் சீல் காட்சி கட்ட நினைக்கிற எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டும். நான்கு ஏக்கருக்கு மேற்பட்ட இடம். நடுவே சுமார் 21 மீட்டர் நீளத்துக்கு ஒளிபுகும் சுரங்கப்பாதை. ஒரு பக்கம் பனிக்கரடி நீந்தும், மறுபக்கம் சீல் நீந்தும். இடையில் தெளிவான தடுப்பு. பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே தண்ணீரில் இருப்பது போலத் தெரியும்.

புகைப்படத்துக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. ஆனால் பனிக்கரடியின் முதன்மை உணவே சீல்தான். தடுப்பு இருப்பது நமக்குத் தெரியும்; சீலுக்கும் நாளடைவில் பழகிவிடலாம். கடலில் கரடியைப் பார்த்த சீல் அந்த இடத்தைவிட்டுப் போய்விடும். இங்கே அது போக ஓர் இடம் இருக்க வேண்டும். கரடியின் பார்வை படாத ஒரு மூலை, சீல் தானே போய் ஒதுங்கிக்கொள்ளும் மூலை, வரைபடத்தில் இல்லையென்றால் இந்த வகையைக் கட்டவே வேண்டாம் என்பேன்.

ஜப்பானின் ஒசாகா நகரில் உள்ள கையூக்கான் மீன் காட்சியகம் 1990-ல் திறக்கப்பட்டது. அங்கே 2013-ல் வந்த ஆர்க்டிக் பகுதியில் சீல் நம் தலைக்கு மேலே, குவிமாடம் போன்ற கூரைத் தொட்டியில் வரும். அது வளையச் சீல். சீல்களிலேயே சிறிய இனங்களில் ஒன்று, முன் துடுப்பின் நகங்களால் கடல் பனியைச் சுரண்டி மூச்சுத்துளையைத் திறந்தே வைத்திருக்கும் இனம். பனிக்கு அடியிலிருந்து பார்த்தால் அதன் உலகம் எப்படி இருக்கும் என்பதைக் காட்டுகிற யோசனை இது, அழகான யோசனை. ஆனால் குளிர்விக்கும் இயந்திரத்துக்கான மின்கட்டணத்தைக் காலம் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்ப ஊரில் நான் இதை முயல மாட்டேன்.

இப்போது அசாஹிகாவா. என் மனம் சாய்ந்த இடம் இதுதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானின் வடகோடி, ஹொக்கைடோ தீவில் இருக்கிற அசாஹிகாவா நகராட்சியின் உயிரியல் பூங்கா அசாஹியாமா. 1967-ல் தொடங்கியது. 1996-ல் ஆண்டுக்கு வருபவர் எண்ணிக்கை சுமார் 2 லட்சத்து 60 ஆயிரமாகச் சரிந்து, மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. கையில் பணம் இல்லாத அந்தக் காலத்தில் பராமரிப்பாளர்கள் உட்கார்ந்து, தங்கள் விலங்குகளுக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று ஓவியங்கள் வரைந்து வைத்துக்கொண்டார்கள். கட்டட நிபுணர் வருவதற்கு முன்பே, தினமும் மீன் வாளி தூக்குகிறவர்கள் வரைந்த படம் இருந்தது. புதிதாகக் கட்டப்போகிறவர்கள் இந்த ஊரிடமிருந்து ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இந்த வரிசையை எடுத்துக்கொள்ளட்டும்.

சீல் இல்லம் 2004-ல் திறந்தது. கூடத்தின் நடுவில், தரையிலிருந்து கூரைக்கு ஒரு தூண். உள்ளே தண்ணீர். மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி, இரண்டையும் இணைக்கும் செங்குத்துக் குழாய் அது. அவ்வளவுதான் வடிவமைப்பு. புள்ளிச் சீல் ஒன்று மேலேயிருந்து தலைகீழாக இறங்குகிறது. மூக்குத்துளைகள் இரண்டும் கோடு போட்டது மாதிரி இறுக மூடியிருக்கின்றன. சீலுக்கு மூக்கு மூடியிருப்பதுதான் இயல்பு, திறக்கத்தான் தசையை இழுக்க வேண்டும். பாதி வழியில் நின்று உடம்பைத் திருப்பி வயிற்றைக் காட்டுகிறது. மீசை முன்னால் விரிகிறது. கண்ணாடிக்கு வெளியே நிற்கிற குழந்தையின் முகத்துக்கு நேராக அதன் முகம். சில விநாடிகள். அப்புறம் பின் துடுப்பை ஒரே ஒரு தடவை அசைத்து, அம்பு மாதிரி மேலே போய்விடுகிறது.

பந்து தட்டச் சொல்லியோ கைதட்டச் சொல்லியோ யாரும் பழக்கவில்லை. செங்குத்தாக ஏறி இறங்குவது சீலின் பிறவிக் குணம். பெங்குவினைக் குறுக்கே பறப்பது போல நீந்தவிடு, சீலை மேலும் கீழுமாக நீந்தவிடு, அதனதன் உடம்புக்கு எது இயல்போ அதைச் செய்ய வழிவிட்டால் பார்க்க வருகிறவர் தானாகவே நிற்பார் என்பதுதான் அங்குள்ளவர்களின் கொள்கை. வெளியே உள்ள குளத்தையும் ஹொக்கைடோவின் மீன்பிடித் துறைமுகம் மாதிரி, அலைதடுப்புக் கான்கிரீட் கட்டைகளோடும் படகோடும் அமைத்தார்கள். ஏனென்றால் அந்தச் சீல்கள் உண்மையில் வாழும் கரை அப்படித்தான் இருக்கிறது. அந்த 2004 கோடையில் மாத வருகையில் தோக்கியோவின் உவேனோ பூங்காவையே அசாஹியாமா முந்தியது. 2006-ம் நிதியாண்டில் வந்தவர்கள் 30 லட்சத்துக்கும் மேல்.

குறையும் உண்டு. குழாயின் உள்சுவரில் பாசி படியும், முக்குளிப்பவர் இறங்கித் தேய்க்க வேண்டும். வளைந்த அக்ரிலிக் உருவத்தை நீட்டியும் குறுக்கியும் காட்டும். பெரிய குறை, இதைப் பார்த்துவிட்டு நகல் எடுக்கிறவர்கள் குழாயை மட்டும் எடுத்துக்கொள்வது. மேலும் கீழும் போதிய தொட்டி இல்லாத குழாய் ஒரு சிறைக் கம்பிதான். சீல் அதற்குள் வராமலும் இருக்கலாம் என்கிற சுதந்திரம்தான் அங்கே காட்சியாகிறது.

ஐந்தாவது வழி, காட்சியகமே வேண்டாம், மருத்துவமனை போதும் என்பது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் 1958-ல் கென் ஜோன்ஸ் என்பவர் கரை ஒதுங்கிய ஒரு குட்டியை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். 1975-ல் அந்தப் பணி ஹெல்ஃபோர்ட் ஆற்றங்கரையில் உள்ள க்வீக் கிராமத்துக்கு இடம் மாறியது. இன்றும் அடிபட்ட, தாயைப் பிரிந்த சாம்பல் சீல் குட்டிகளைத் தேற்றிக் கடலில் விடுகிறார்கள். கண் தெரியாதவை, திரும்பிப் போக முடியாதவை அங்கேயே தங்கிவிடுகின்றன. பார்க்க வருகிறவருக்கு அங்கே சாகசம் எதுவும் கிடைக்காது. ஒரு விலங்கு ஏன் இங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் நேர்மையான பதில் கிடைக்கும். மற்ற நான்கு இடங்களுக்கும் இந்தக் கேள்வி சங்கடமானது. புதிதாகக் கட்டுகிறவர் சீலை எங்கிருந்து கொண்டுவருவார்? கடலில் பிடித்து வருவது என்றால் எனக்கு அந்தத் திட்டமே வேண்டாம். கடலுக்குத் திரும்ப முடியாதவை, அல்லது வேறு காட்சியகங்களில் பிறந்தவை என்றால் பேசலாம்.

இனி தண்ணீர். சுற்றுலாப் பயணி பார்க்காத இடம் இது, பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும். சீலைச் சாதாரணத் தண்ணீரில் வைத்து, உப்பு மாத்திரை கொடுத்துச் சமாளித்த பூங்காக்கள் நிறைய. சைபீரியாவின் பைக்கால் ஏரியில் வாழும் சீல் ஒன்றுதான் பிறவியிலேயே நன்னீருக்குப் பழகிய தனி இனம். மற்றவற்றின் கண்ணுக்கு உப்புநீர்தான் நல்லது. கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் அதிகமானாலும் கண் கெடும். அதற்குப் பதிலாக ஓசோன் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. கடல்நீரில் உள்ள புரோமைடோடு ஓசோன் சேர்ந்து, அளவு மீறினால் குளோரின் மாதிரியே உறுத்தும் பொருள்களை உண்டாக்கும். நாளெல்லாம் மீனுக்காக அண்ணாந்து பார்க்கிற சீலுக்கு மேலே நிழல் இல்லை, தொட்டியின் அடியில் வெளிர்நீலப் பெயின்ட், அதிலிருந்து எதிரொளி. கண்புரைக்கு இதுவும் வழிவிடும். நீலம் அடித்தால் படத்தில் அழகாக இருக்கும்தான். ஆனாலும் அடர்ந்த மண்நிறமே அடியுங்கள். ஓய்வுத் திட்டில் பாதியாவது நிழலில் இருக்கட்டும்.

சமையலறைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். உறையவைத்த மீனில் பி1 வைட்டமின் குறைந்துபோகும். ஹெர்ரிங் மீனில் அந்த வைட்டமினையே அழிக்கும் நொதி வேறு இருக்கிறது. அதனால் காலையில் பராமரிப்பாளர் மீனை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வயிறு கிழிந்ததை ஒதுக்கிவிட்டு, நல்ல மீனின் செவுளைக் கட்டைவிரலால் தூக்கி மாத்திரையைச் சொருகுவார். குளத்தில் வாளிச் சத்தம் கேட்டதும் தலைகள் வரிசையாக மேலே வரும். மாத்திரை வைத்த மீன் முதலில் போகும், பசி அடங்குவதற்குள். இந்த வேலைக்கு நல்ல வெளிச்சமும், கழுவ எளிதான மேடையும், குளத்துக்குப் பத்தடிக்குள் கதவும் வேண்டும். வரைபடங்களில் சமையலறையைக் கடைசி மூலையில் தள்ளிவிடுகிறார்கள்.

அப்போ நான் எதைக் கட்டுவேன்? அசாஹியாமாவின் செங்குத்துக் குழாய், மேலும் கீழும் தாராளமான தொட்டிகளோடு. பாஸ்டன் மாதிரி ஒரு பக்கக் கண்ணாடியாவது டிக்கெட் இல்லாமல் தெருவைப் பார்த்து. பின்னால் க்வீக் மாதிரி தனித்தனித் தண்ணீர் ஓட்டமுள்ள இரண்டு சிறு குளங்கள்; நோய்வாய்ப்பட்டதற்கு ஒன்று, குட்டியோடு இருக்கும் தாய்க்கு ஒன்று. பணம் பற்றாக்குறை வந்தால் குழாயை வெட்டுவேன், பின்குளங்களை வெட்ட மாட்டேன். குழாயைப் பின்னாலும் சேர்க்கலாம். கட்டி முடித்த கட்டடத்துக்குள் தனிமைக் குளத்தை யாரும் சேர்த்ததாக நான் பார்த்ததில்லை.

ஓய்வுத் திட்டுக்கு எதிரே நீளமாக ஒரு பெஞ்சும் போடுவேன். வருடத்துக்கு ஒருமுறை சீல் பழைய ரோமத்தை உதிர்க்கும். அந்த வாரங்களில் தோலுக்கு ரத்தம் ஓடச் சூடு வேண்டும், அதனால் தண்ணீருக்குள் இறங்கவே விரும்பாது. திட்டில் படுத்து, திட்டுத் திட்டாக ரோமம் போன உடம்போடு தூங்கிக்கொண்டே இருக்கும். குழாய் காலியாகக் கிடக்கும். அசாஹியாமாவில் விளக்கப் பலகைகளைப் பராமரிப்பாளர்களே கையால் எழுதி மாட்டுகிறார்கள். ‘இன்று ஏன் யாரும் இல்லை?’ என்று கேட்டு வருகிற பிள்ளைக்கு, கையால் எழுதிய ஒரு பலகை அந்தப் பெஞ்சுக்கு வழி காட்டட்டும்.