கீபோர்டு கான்டாக்ட் ரப்பர் மாற்றக் கொடுக்கிறீர்களா? 7,500 ரூபாய் தொலைத்தவன் சொல்கிறேன்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் கச்சேரி, சர்ச், ரிசப்ஷன் என்று கீபோர்டு வாசித்துப் பிழைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். கொதிப்பில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ரப்பரைக்கூட மாற்றவில்லை. உள்ளே நன்றாக இருந்த சர்க்யூட் போர்டையும் சுரண்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கடைப் பெயர் வேண்டாம். விற்பனை கிடையாது, இசைக்கருவி சர்வீஸ் மட்டும் செய்கிற கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னுடையது 61 கட்டை (கீ) உள்ள கீபோர்டு. நடு ஆக்டேவில் (நடு ஸ்தாயியில்) எஃப் ஷார்ப், ஏ என்ற இரண்டு ஸ்வரக் கட்டைகளும் ஊமையாகிவிட்டன. பக்கத்தில் இருந்த பி-யை எவ்வளவு மெல்லத் தொட்டாலும் அலறியது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பரில் இரண்டு கார்பன் பொட்டு இருக்கும். ஒன்று முன்னால் போர்டைத் தொடும், மற்றது ஒரு நொடியில் மிகச் சிறு பகுதி கழித்துத் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் நாம் ஓங்கி அடித்தோமா, வருடினோமா என்று கருவி கண்டுபிடிக்கிறது. ஒரு பொட்டு தேய்ந்தால் கட்டை ஊமையாகும், இல்லையென்றால் அலறும். டிவி ரிமோட்டில் பட்டன் வேலை செய்யாமல் போவதும் இதே சமாச்சாரம்தான்.

அந்தக் கடைக்காரருக்குத் தொழில் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சலே அதுதான். கீபோர்டை ஆன் செய்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டே போனார். நான் வாயைத் திறக்கும் முன்னே மூன்று கட்டையையும் சொல்லிவிட்டு, "நாலாவது ஒண்ணு கிளம்புது மாஸ்டர், மேல் டி, இன்னும் கொஞ்ச நாள்ல போயிடும்" என்றார். தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், நான்கைந்து முறைக்கு ஒரு முறை விட்டுவிட்டு வந்தது. அப்புறம் துண்டை விரித்துக் கருவியைக் கவிழ்த்தார். நீள ஸ்க்ரூ, குட்டை ஸ்க்ரூ என்று தனித்தனியாகத் தட்டில் வைத்தார். பல கட்டைகளுக்குச் சேர்த்து ஒன்றாக இருக்கும் ரப்பர் பட்டையை உரித்து, மின்தடை அளக்கும் மீட்டர் முனையைப் பொட்டில் வைத்தார். நல்ல பொட்டில் சில நூறு ஓம், தேய்ந்த பொட்டில் கிலோ ஓம் கணக்கில் ஏறியது. பட்டைகள் இடம் மாறிவிடக் கூடாது என்று என் கண்ணெதிரே நீலப் பேனாவால் 1 முதல் 5 வரை எண் போட்டார். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சுத்தம் பண்ணித் தரலாம் மாஸ்டர், ஆனா ஆடி சீசன்ல நடு மேடையில உங்களைக் கவுத்துடும். ஒரிஜினல் போட்டா அஞ்சாறு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்." அஞ்சு பட்டை, ஒன்று 1,500, ஆக 7,500, முழுப் பணமும் முன்பணம். கூலி 1,000 வேலை முடிந்தபின் கொடுத்தால் போதும் என்றார். இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவரிடம் யார் பேரம் பேசுவார்கள்? அங்கேயே யூபிஐ-யில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "சாமான் வந்ததும் சேர்த்துப் போட்டுடுறேன்."

அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் கதை. சாமான் சென்னைக்கு வந்துவிட்டது, கொரியரில் நிற்கிறது, வந்த பட்டை வேற மாடல், திருப்பி அனுப்பியாச்சு. ஆடி பிறக்கப்போகிறது, அட்வான்ஸ் வாங்கிய நிகழ்ச்சிகள் நிற்கின்றன என்று சத்தம் போட்ட பிறகுதான் "ரெடி, வாங்க" என்றார். போய் வாசித்துப் பார்த்தேன், 61 கட்டையும் பேசியது. கூலி 1,000-ஐயும் கொடுத்தேன். பழைய பட்டையைக் கேட்டால், "அது குப்பைக்குப் போயிடுச்சே மாஸ்டர்."

போன ஆடி வெள்ளி, ஒரு மாரியம்மன் கோயில் கச்சேரி. முதல் பாதி தாண்டவில்லை, எஃப் ஷார்ப் போனது, பின்னாலேயே ஏ. பாடகி திரும்பிப் பார்க்கிறார், நான் அந்த ஸ்வரத்தை விட்டுவிட்டு, பல ஸ்வரம் சேர்த்து அழுத்தும் கார்டு (chord) பிடித்து ஒப்பேற்றுகிறேன். முன்வரிசையில் நாட்டாமை, பஞ்சாயத்தார் எல்லோரும். போதும், அதை எழுத விரும்பவில்லை.

மறுநாள் குத்தாலத்தில் எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக்கிடம் போய்ப் பிரித்தோம். ஐந்து பட்டையிலும் அதே நீலப் பேனா எண்கள். 3-க்குப் பக்கத்தில் பேனா வழுக்கி இழுத்த கோடுகூட அப்படியே இருக்கிறது. தேய்ந்த பொட்டுகளில் பென்சில் கரி தேய்த்திருக்கிறார்கள். விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அது சில நாள் தாங்கும், உதிர்ந்ததும் பழைய கதைதான். இதையாவது பொறுக்கலாம். போர்டில் இருக்கிற கார்பன் தடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்! அது மேலே அச்சடித்த மெல்லிய பூச்சு, போனால் போனதுதான். ரப்பர் மாற்றினால் சரியாகியிருக்கும் கருவிக்கு இப்போது போர்டே வாங்க வேண்டும்.

போன் செய்தேன். முதலில், "உங்க ஊரு கடல் பக்கம், உப்புக் காத்து மாஸ்டர்." எங்கள் ஊரிலிருந்து கடல் எங்கே இருக்கிறது! அப்புறம், "நீங்க அடிச்சு வாசிக்கிறீங்க." எண்ணைப் பற்றிக் கேட்டால், "புதுசுலயும் நாங்கதான் நம்பர் போட்டோம்." பென்சில் கரி? "அது கார்பன் பவுடர், உங்களுக்குத் தெரியாது." கடைசியாக ஒரு பையன் எடுத்து, "அண்ணன் வெளியூர் போயிருக்காங்க, வந்ததும் பேசச் சொல்றேன்." போட்டோவெல்லாம் அனுப்பினேன், ஒரு டிக்கோடு நிற்கிறது. 7,500 ரூபாய் கான்டாக்ட் ரப்பருக்கு, அந்த ரப்பர் உலகத்திலேயே இல்லை. கூலி வேறு தனி.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. சாமான் கண்ணில் படும் முன் முழுப் பணம் கொடுக்காதீர்கள். புதுப் பட்டையை உங்கள் எதிரில் போடச் சொல்லுங்கள், பழையதைக் கையோடு வாங்கிவிடுங்கள். கட்டைகள் ஒரே கணக்கான இடைவெளி விட்டுச் சாகிறது என்றால் அது பெரும்பாலும் ரப்பர் இல்லை, கேபிளிலோ போர்டிலோ கோளாறு. ரப்பருக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வெறும் தூசி என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தாலே பாதி சரியாகும். உப்புத்தாள் என்று யாராவது பேச்செடுத்தால் கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பில் இல்லாவிட்டாலும் யூபிஐ ரசீது இருக்கிறது, நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.

நாளைக்கு ஒரு தீமிதி நிகழ்ச்சி இருக்கிறது. மயிலாடுதுறை பக்கம் யாரிடமாவது இரவல் கீபோர்டு இருந்தால் சொல்லுங்கள், வாடகை தருகிறேன்.