டேலியோ செயலியில் நல்ல நினைவுப் பயிற்சி: எது சரியாக வருகிறது, எது சொதப்புகிறது

மனச்சோர்வில் இருப்பவரிடம் நல்ல நினைவு ஒன்று கேட்டால், "சின்ன வயசுல எல்லாமே நல்லா இருந்துச்சு" என்று பொத்தாம்பொதுவாகத்தான் வரும். குறிப்பிட்ட ஒரு நாள், ஒரு இடம் என்று வராது. உளவியல் ஆய்வாளர்கள் வில்லியம்ஸும் பிராட்பென்ட்டும் தற்கொலைக்கு முயன்று மீண்டவர்களிடம் இதைக் கண்டு 1986இல் எழுதினார்கள். அந்தத் துல்லியத்தை மீட்பதுதான் நல்ல நினைவுப் பயிற்சியின் வேலை.

டேலியோ இதற்கென்று செய்யப்பட்டதல்ல, மனநிலைக் குறிப்பேடு. ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட்டுச் சேமித்தால் பதிவு முடிந்தது. சோர்ந்த கைக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் மனநிலை வேறு, அழுத்தம் (ஸ்ட்ரெஸ்) வேறு. அழுத்தத்துக்கு நாமே இடம் ஒதுக்க வேண்டும். செயல்பாடுகள் பகுதியில் 'அழுத்தம் குறைவு', 'நடுத்தரம்', 'அதிகம்', கூடவே பயிற்சிக்கு 'முன்', 'பின்' என ஐந்து குறிகள் சேர்த்துவிடுங்கள்.

முதலில் 'முன்' பதிவு. பிறகு பத்து நிமிடம், ஒரே ஒரு நினைவு. "அம்மாவோட கோயிலுக்குப் போவேன்" என்பது போதாது. மழை விட்ட சாயங்காலம், தெப்பக்குளத்தின் ஈரப் படி, கையில் நமுத்துப்போன பொரிப் பொட்டலம் என்று குறிப்பில் ஐந்தாறு வரி எழுதுங்கள். முடிந்ததும் 'பின்' பதிவு.

சொதப்பல் இங்கேதான்: ஒரே நாளின் பதிவுகளை மாத வரைபடம் சராசரியாக்கிவிடும். மோசமான முகத்துக்கு 1, மிக நல்ல முகத்துக்கு 5 என்று வைத்தால், முன் 2, பின் 4 என்பது 3 என்று நிற்கும். பயிற்சியின் பலன் கண்ணில் படாது. சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்ற அட்டவணையில் திறக்கும் கோப்பு) வெளியே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வழி.

'பின்' இறங்கினால் பயப்படாதீர்கள். மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு மகிழ்ச்சியான நினைவு மனநிலையை உயர்த்தாமல் போகலாம் என்று உளவியல் ஆய்வாளர் யோர்மனும் சகாக்களும் 2007இல் காட்டினார்கள். "அப்ப எப்படி இருந்தேன், இப்ப இப்படி ஆயிட்டேன்" என்ற ஒப்பீடு உள்ளே நுழைவது ஒரு காரணம். அது வந்ததும் ஈரப் படி, பொரிப் பொட்டலம் போன்ற விவரங்களுக்குத் திரும்புங்கள். தொடர்ந்து மூன்று நாள் இறங்கினால் பழைய நினைவை விட்டுவிட்டு, நேற்றைய சின்ன விஷயம் ஒன்றை எடுங்கள். அழுத்தம் 'அதிகம்' என்றால் அன்று வேண்டாம். அந்த நேரத்தில் நினைவு சரியாகப் பிடிபடாது.

பதிவுகள் போனிலேயே இருக்கும். காப்புப் பிரதி எடுக்காமல் போனை மாற்றினால் எல்லாம் போய்விடும்.

மருத்துவர் தந்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் செயலியை மூடிவிட்டு 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.