பரணிலிருந்து இறங்கியவை: எதை யாரிடம் கொடுப்பது?

போகிக்கு முந்தின வாரம் பரணைக் காலி செய்தோம். அட்டைப்பெட்டியும் உடைந்த நாற்காலியும் போன பிறகு தரையில் மிஞ்சியது ஒரு வில்லங்கமான கூட்டம்: உயிர்விட்ட இன்வெர்ட்டர் பேட்டரி, நாலு ட்யூப்லைட், உப்பிப்போன பவர் பேங்க், அப்பாவின் மாத்திரை டப்பா, அவர் போட்டுக்கொண்ட இன்சுலின் ஊசிகள், உறைக்குள் ஒரு பாதரச தெர்மாமீட்டர்.

“பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுங்க தம்பி, ஒரே வேலையா முடிஞ்சிடும்” என்றார் பக்கத்து வீட்டு மாமா.

வந்தவர் முதலில் கை வைத்தது பேட்டரியில். கிலோ கணக்கில் காசு. ஆனால், “தண்ணியைக் கொட்டிட்டுத்தான் எடை போடுவேன்” என்றார். அவர் தண்ணி என்றது கந்தக அமிலம், ஈயத்தூள் கலந்தது. அது எங்கள் வாசல் சாக்கடைக்குப் போகும். மிச்சப் பெட்டி எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அனுமதியில்லாத உலையில் அதை உருக்கினால் புகையும் தூசியும் சுற்றியுள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் சேரும்; மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பதம் பார்க்கும். புது பேட்டரி வாங்கிய கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தால் கழித்துக்கொள்ளும் தொகை இரும்புக்காரர் தருவதைவிட 300 ரூபாய் குறைவு. ஆனால் அமிலத்தோடு, நிமிர்த்தி வைத்து, அப்படியே எடுத்துப் போகிறார்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்திருப்பதால், கடை வழியாகப் போவது சரியான உலைக்குப் போய்ச்சேர வாய்ப்பு அதிகம். 300 ரூபாயை விட்டேன். (பேப்பர், இரும்பு, பாட்டிலுக்கு இன்றைக்கும் அவர்தான். எந்த மொபைல் ஆப்பும் அவர் கால் தூசுக்கு வராது.)

பவர் பேங்க்கை அவர் இலவசமாகவே எடுத்துக்கொள்ளத் தயார். நான் தயாராக இல்லை. உப்பிய லித்தியம் பேட்டரியை யாராவது நெம்பினாலோ, குப்பை லாரியின் அழுத்தியில் அது நசுங்கினாலோ தீப்பிடிக்கும். இதற்கு இரண்டே வழி: அந்தந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர், அல்லது அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனம். நிறுவனங்களின் பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஒற்றைச் சாமானுக்கு வீடு தேடி வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்; சர்வீஸ் சென்டர்தான் லேசு. கொண்டுபோகும் வரை முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட மண்சட்டியில் வெளியே வைத்தேன்.

தெர்மாமீட்டர்தான் இருப்பதிலேயே சின்னது, ஆனால் மோசமானது. ஒரு சி.எஃப்.எல். பல்பில் பாதரசம் சில மில்லிகிராம்தான். தெர்மாமீட்டரில் அரை கிராமுக்கு மேலேயே இருக்கும். நூறு பல்புக்குச் சமம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை விவகாரம் 2001-ல் வெடித்ததே, பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு அந்த ஊர்ப் பழைய சாமான் கடையில் கிடந்ததால்தான். அதனால் இரும்புக்காரருக்கும் இல்லை, குப்பை வண்டிக்கும் இல்லை. மூடி இறுகும் பாட்டிலில் போட்டு ஒதுக்கினேன். கைதவறி உடைந்தால் துடைப்பம் எடுக்கக் கூடாது, மணிமணியாகச் சிதறும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கெட்டி அட்டையால் உருட்டிச் சேர்த்து, மிச்சத்தை டேப்பில் ஒற்றி எடுக்க வேண்டும்.

மாத்திரைக்கு மூன்று யோசனை வந்தது. கழிப்பறையில் கொட்டுவது மாமாவின் வழக்கம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பல மருந்துகளை வடிகட்டாது, ஆற்றுக்கும் ஏரிக்கும் போய்ச்சேரும். மருந்துக் கடையில் திருப்பிக் கொடுப்பது நல்ல வழிதான். ஆனால் நான் கேட்ட கடையில், “பிரிச்ச அட்டையை வாங்க மாட்டோம் சார்” என்று கையை விரித்தார்கள். கடைசியில் அட்டையிலிருந்து பிதுக்கி, பழைய டீத்தூள் சக்கையோடு பிசைந்து, கவரில் கட்டிப் போட்டேன். உத்தமமான வழி இல்லைதான். ஆனால் குப்பை பொறுக்குகிறவரோ தெருநாயோ எடுத்துத் தின்ன முடியாது.

ஊசியில் பேச்சே வேண்டாம். வெறும் கவரில் கட்டிப்போட்டால் அது குத்துவது குப்பை வண்டி அக்காவின் கையில். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை டேப்பால் சுற்றி, அப்பா வழக்கமாகப் போகும் கிளினிக்கில் கேட்டேன். தங்கள் ஊசிகளோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள்.

போகி நெருப்பில் எறியலாம் என்று ஒருவர் சொன்னார். அதை அலசக்கூட வேண்டியதில்லை.

மிஞ்சியது ட்யூப்லைட். அதற்குள்ளும் கொஞ்சம் பாதரசம் உண்டு. இரும்புக்காரருக்கு அதில் காசு இல்லை, கடையில் எக்ஸ்சேஞ்ச் இல்லை. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே வீட்டு அபாயக் கழிவைத் தனியாக வாங்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்று இருந்தது. எங்கள் பகுதியில் அது எங்கே என்று வண்டி அக்காவிடம் கேட்டேன். “எனக்கு யாரும் சொல்லலியே தம்பி. உடைக்காம தனியா குடுங்க, சூப்பர்வைசர் கிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார். நாலும் செய்தித்தாள் சுற்றி, கதவுக்குப் பின்னால் நிற்கின்றன. பக்கத்தில் அந்த தெர்மாமீட்டர் பாட்டில்.