ஏழு நாள் மாத்திரைப் பெட்டி: நான்கு மாத அனுபவம்

திருமங்கலத்தில் தனியே வசிக்கும் என் தாயாருக்கு வயது 78. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தைராய்டு, மூட்டுவலி எனப் பல தொல்லைகள் இருப்பதால், மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. "காலையில போட்டேனா இல்லையான்னே தெரியல" என்று அவர் தொலைபேசியில் சொல்லத் தொடங்கியதும், மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் 340 ரூபாய் கொடுத்து இந்தப் பெட்டியை வாங்கினேன்.

நாளுக்கொன்றாக ஏழு பட்டைகளும், பட்டைக்கு நான்காக மொத்தம் 28 அறைகளும் இதில் உள்ளன. பிளாஸ்டிக் தடிமனாகவே இருக்கிறது. ஆனால் கிழமைகளுக்கு ஆங்கில முதலெழுத்தை மட்டுமே அச்சிட்டிருப்பதால், ஞாயிறும் சனியும் ஒரே எழுத்து, செவ்வாயும் வியாழனும் ஒரே எழுத்து. தமிழ் மட்டுமே வாசிக்கும் அம்மாவுக்காக ஞா, தி, செ என்று எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. மூடிகளும் தொடக்கத்தில் மிக இறுக்கம். விரல் மூட்டு வீங்கிய அவர் கரண்டிக் காம்பால் நெம்பியதில், ஒரு மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. இரண்டு வாரத்தில் மூடிகள் சற்று இளகின.

நான் கொடுத்த பணத்துக்கு ஈடு முதல் ஞாயிற்றுக்கிழமை, பெட்டியை நிரப்ப உட்கார்ந்தபோதே கிடைத்துவிட்டது. டப்பாவைப் பாயில் கவிழ்த்து, ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி வாசித்தபோது, வெவ்வேறு நிறமும் வெவ்வேறு பெயரும் கொண்ட இரண்டு அட்டைகளின் பின்புறத்தில் ஒரே மருந்து இருந்தது: இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் டெல்மிசார்டன் 40 மி.கி. இதய மருத்துவர் எழுதியது ஒன்று, சர்க்கரை மருத்துவர் எழுதியது மற்றொன்று. ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்ததில்லை. "ரெண்டுமே டாக்டர் எழுதுனதுதானம்மா" என்றார் அம்மா. இரண்டு மாதமாக அவர் படுக்கையிலிருந்து எழும்போதெல்லாம் தலைசுற்றிச் சுவரைப் பிடித்ததை நாங்கள் வயதின் தளர்ச்சி என்றே நினைத்திருந்தோம். அதே டப்பாவில், சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையும் இருந்தது. அது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. டெல்மிசார்டனோடு சேரும்போது முதியவர்களின் சிறுநீரகத்துக்கும் கேடு. மறுநாள் எல்லா அட்டைகளையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டியதும், இரட்டிப்பில் ஒன்றையும் வலி மாத்திரையையும் அவர் நிறுத்தினார். பத்து நாளில் தலைச்சுற்றல் குறைந்தது.

வணிகப் பெயரைவிட மருந்தின் மூலப்பெயரை இரண்டு எழுத்தளவாவது பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது. அந்தப் பெயரைத்தான் ஒப்பிட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கு வரும் மாத்திரையும் தனியார் மருத்துவர் எழுதுவதும் சேரும் வீடுகளில் இது இன்னும் அவசியம்.

பெட்டியின் பெரிய குறை, சாப்பாட்டுக்கு முன், பின் என்ற பிரிவு இல்லாதது. தைராய்டு மாத்திரையான தைராக்சினை வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அம்மாவுக்கு மதியம் மாத்திரை ஏதும் இல்லாததால், அந்த அறையைக் 'காலை டிபனுக்குப் பின்' என்று மாற்றிக்கொண்டோம். மதிய மாத்திரை உள்ளவர்களுக்கு இந்தத் தந்திரம் உதவாது.

அறையில் போட்டதும் மாத்திரையின் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடுவதால், வெற்று அட்டைகளை அந்த வாரம் முடியும்வரை ஓர் உறையில் வைத்திருக்கிறேன். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோயேட் போல ஈரத்தை இழுக்கும் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்கவே கூடாது. மதுரை வெயிலில் அடுப்படி ஜன்னல் ஓரமும் ஆகாது. பெட்டி இப்போது சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

பட்டையைத் தனியே கழற்ற முடிவது மட்டும் குறையில்லாத வசதி. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று விடியலுக்கு முன்பே கிளம்பிய அம்மா, அன்றைய பட்டையைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். சாப்பிடாமல் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் கிளிமிபிரைடை மட்டும், இட்லி கிடைக்கும்வரை நிறுத்திவைத்தார். மறதி நோய் உள்ளவர்களுக்கு வேறொருவர் கையிலிருந்து கொடுப்பதே சரி. இந்தப் பெட்டி அவர்களுக்குப் போதாது.

போன வாரம் பக்கத்து வீட்டு அத்தையும் இதே பெட்டியை வாங்கி வந்து, நிரப்பித் தரச் சொன்னார். எல்லா மருந்துச் சீட்டுகளையும் முதலில் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.