காலுக்கு இறங்கும் இடுப்பு வலி: மருந்தோடு காத்திருப்பதா, அறுவைக்கு ஒப்புவதா?

சென்ற ஆண்டு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருவர், ஏறத்தாழ ஒரே மாதத்தில், ஒரே கேள்வியோடு என் வீட்டுக்கு வந்தனர். ஒருவர் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டும் 41 வயதுத் தொழிலாளி. மற்றவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் (ரப்பர்) சீவி ஓய்ந்த 58 வயது அம்மா. இருவருக்கும் இடுப்பில் தொடங்கிய வலி பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்கியது. "டிரெஸ்ஸர் ஐயா, கத்தி வைத்துக்கொள்ளலாமா, மாத்திரையிலேயே ஓட்டலாமா?" என்று, தோட்ட மருந்தகத்தில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த என்னிடம் இருவருமே கேட்டனர். குலை வெட்டுபவர் அறுவைக்குச் சென்றார், அந்த அம்மா செல்லவில்லை. இன்று இருவரும் நடக்கிறார்கள். ஆகவே எது சரி என்று ஊரில் இன்னும் வாதம் நடக்கிறது.

முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டின் உறை கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதும், அங்கே அழற்சியை உண்டாக்குவதும்தான் இந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம். 1934இல் அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் இதை விளக்கமாக எழுதிய பிறகே பிதுங்கிய தட்டை அகற்றும் அறுவை பரவலாயிற்று. நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பிதுங்கிய துண்டைப் பல வேளைகளில் உடலே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்கிறது; உறையை முற்றிலும் கிழித்துக்கொண்டு வெளிவந்த பெரிய துண்டுகள் சிறியவற்றைவிட அதிகமாகவே சுருங்குவதும் உண்டு. எம்.ஆர்.ஐ. படத்தில் பெரிதாகத் தெரிகிறதே என்று அஞ்சி முடிவெடுக்க வேண்டியதில்லை. மாத்திரை அந்தத் துண்டைக் கரைப்பதில்லை. கரையும்வரை வலியைத் தாங்க உதவுகிறது. அறுவையோ அந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. இரண்டையும் இந்த ஒரு கணக்கில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், 6 முதல் 12 வாரங்களாகக் கடும் கால் வலியில் இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு விரைவில் அறுவை செய்தனர்; மறுபாதியினரை மருந்தோடும் பயிற்சியோடும் காத்திருக்கச் சொன்னார்கள். அறுவைப் பிரிவினர் குணமாக நடுவளவில் 4 வாரங்களும், காத்திருந்தவர்கள் 12 வாரங்களும் எடுத்துக்கொண்டனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தார்கள். ஆனால் காத்திருந்தவர்களில் 39 விழுக்காட்டினர் வலி பொறுக்காமல் இடையிலேயே அறுவைக்கு மாறினர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். காத்திருப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 4 முதல் 12 மாதங்கள் வரை வலி நீடித்த 128 பேரிடம் கனடாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பின், பத்துக்கு எத்தனை என்ற அளவில், அறுவைப் பிரிவினரின் கால் வலி 2.8 ஆகவும் மற்றவர்களுடையது 5.2 ஆகவும் இருந்தது. முதல் ஆறு வாரங்களில் அவசரப்படுவது எவ்வளவு தேவையற்றதோ, அரை ஆண்டு கடந்தும் மாத்திரையை மட்டுமே நம்பியிருப்பது அவ்வளவு பயனற்றது.

மருந்துகளைப் பற்றி நான் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தோட்டத்தில் அவற்றை எடுத்துக் கொடுத்தவன் நான். டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி நீக்கிகளின் பலன் சிறியது; வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவை படுத்தும் பாடு சிறியதன்று. இந்நாட்டில் இந்தியரிடையே நீரிழிவு மிகுதியாக இருப்பதால், ஒவ்வொரு வாரமும் ஊசி கேட்டு வந்தவர்களின் சிறுநீரகத்தை நினைத்து இன்றும் வருந்துகிறேன். 'நரம்பு மாத்திரை' என்று பரவலாகத் தரப்படும் பிரிகாபலின், 209 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக வலியைக் குறைக்கவில்லை, தலைச்சுற்றலைத்தான் கூட்டியது. இடுப்பு நரம்பு வலிக்கு அவ்வகை மாத்திரைகளைத் தர வேண்டாம் என்றே பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. தண்டுவடத்தின் அருகே போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் ஓரளவு தணிவு தரலாம். மூட்டுவலிக்கென்று கடைகளில் கிடைக்கும் பதிவு பெறாத பொடிகளையும் காப்ஸ்யூல்களையும் மட்டும் தொடவே வேண்டாம். அவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் வலுவான ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது, இரண்டே நாளில் வலி மறையும் மாயம் அதிலிருந்து வருவதுதான்.

அந்த அம்மாவுக்கு நீரிழிவோடு சிறுநீரகத் தளர்ச்சியும் இருந்ததால் அழற்சி நீக்கி கூடாது. நரம்பு மாத்திரை தலையைச் சுற்றவைத்ததால் மருத்துவரே அதையும் நிறுத்தினார். படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடமாடியும், சுகாதாரக் கிளினிக்கில் கற்றுத்தந்த உடற்பயிற்சிகளைச் செய்தும் பொறுத்திருந்தார். ஏழாவது வாரத்தில் கால் வலி முழங்காலுக்கு மேலே ஏறிச் சுருங்கியது. அவருக்குக் காத்திருக்க நேரம் இருந்தது, வீட்டில் மகள் சமைத்துக் கொடுத்தாள்.

குலை வெட்டுபவருக்கு அந்த வசதி கிடையாது. முதிர்ந்த மரத்தின் ஒரு குலையே 20 கிலோவைத் தாண்டுவதுண்டு. நீண்ட கழியின் நுனியிலுள்ள அரிவாளை அண்ணாந்து இழுப்பதில் இடுப்பு வாங்கும் அடி தனி. வெட்டிய குலையின் எடைக்கு, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, 4 வாரத்துக்கும் 12 வாரத்துக்கும் உள்ள இடைவெளி வீட்டுச் செலவின் இடைவெளியாகும். பத்து வாரம் பொறுத்த பிறகு, ஈப்போவில் அரசு மருத்துவமனையில் சிறு கீறல் வழியாகப் பிதுங்கிய பகுதியை மட்டும் எடுத்தனர். இரண்டாம் நாள் வீடு திரும்பினார், கால் வலி அன்றே பெரும்பாலும் போயிற்று. இடுப்பு வலி போகவில்லை. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன்: இந்த அறுவை காலுக்கானது, நாட்பட்ட இடுப்பு வலிக்கு இதை நம்பிச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்குத் தட்டு மீண்டும் பிதுங்குகிறது. நரம்பு உறை கிழிதல், கிருமித் தொற்று ஆகியவையும் சிலருக்கு நேர்கின்றன. சாதாரணத் தட்டுப் பிதுக்கத்துக்குத் திருகாணியும் தகடும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை என்பதால், அவற்றை யாராவது பரிந்துரைத்தால் காரணம் கேட்டு, இன்னொரு நிபுணரையும் பார்ப்பது நல்லது.

செலவில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, எங்கே செய்துகொள்கிறோம் என்பதில் அடங்கும். அரசு நிபுணர் கிளினிக்கில் குடிமக்கள் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் போதும், ஆனால் முறைக்குக் காத்திருக்க வேண்டும். தனியாரில் காத்திருப்பு குறைவு, கட்டணம் பல்லாயிரம் வெள்ளி. வேலைச் சட்டப்படி மருத்துவமனையில் தங்குவதற்கு ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு; சாதாரண மருத்துவ விடுப்பு, ஐந்தாண்டு வேலை செய்தவர்களுக்கு 22 நாள். வேலையிடத்தில் நேர்ந்த காயமாயிருந்தால், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் உடனே தெரிவிக்க வேண்டும். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் அங்கே 2007 முதல் இருக்கிறது. குலை வெட்டுபவர் வேலைக்குத் திரும்பியதும் அவரை மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றினர். 16 லிட்டர் பம்பை முதுகில் சுமப்பது எப்படி இலேசான வேலையாகும்? நாற்றுப்பண்ணைக்கு மாற்றச் சொல்லி நான் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

இந்த ஒப்பீடே செல்லாத ஒரு நிலையும் உண்டு. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினால், அல்லது பலவீனம் நாளுக்கு நாள் கூடினால், வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. தொடைகளுக்கு இடையே, சைக்கிள் இருக்கை படும் இடமெல்லாம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ தன்னறியாமல் கழிந்தாலோ, விடியட்டும், பெரட்டு (தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்பு) முடியட்டும் என்று ஒரு மணி நேரமும் தள்ளாமல், எண்ணெய் போட்டு உருவச் சொல்லாமல், அந்த இரவிலேயே அவசரப் பிரிவுக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.