2.73-லிருந்து 3.27: என் கிராண்ட் மார்க்விஸின் பின் ஆக்ஸில்

ஆறு வருடமாக 2001 மெர்குரி கிராண்ட் மார்க்விஸ் ஒன்றை ஓட்டுகிறேன். 4.6 லிட்டர் வி8, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். வீடு டென்னசியின் நாக்ஸ்வில்லில். சமதளத்தில் சத்தமே இல்லாமல் போகும் வண்டி, ஐ-40 வழியாக ஆஷ்வில்லுக்கு மலையேறும்போது ஓவர்டிரைவில், அதாவது கடைசி நான்காம் கியரில், நிற்காது. மூன்றாம் கியருக்கு இறங்கும், ஏறும், திரும்ப இறங்கும். இன்ஜினுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து பிளக், காயில் எல்லாம் மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம். விஷயம் பின் ஆக்ஸிலில் இருந்தது.

பின் ஆக்ஸிலுக்குள் ஒன்றையொன்று சுற்றும் பெரிய பல்சக்கரத்தையும் சின்னதையும் நம்மூர் மெக்கானிக்குகள் கிரவுன், பினியன் என்பார்களே, அந்த இரண்டின் பல் கணக்குதான் ஆக்ஸில் விகிதம். கிரவுனில் 41, பினியனில் 15 என்றால் 2.73. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் 2.73 சுற்று சுற்ற வேண்டும். 36-க்கு 11 என்றால் 3.27. எண் கூடினால் இழுவை கூடும். அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்றும்.

இவ்வளவு பெரிய காருக்கு ஏன் 2.73 மாதிரி இவ்வளவு சின்ன எண்? பெட்ரோல்தான் காரணம். 1974-இல் அமெரிக்கா முழுக்க 55 மைல் வேகக் கட்டுப்பாடு வந்தது, 1978 மாடல்களிலிருந்து மைலேஜ் விதி வந்தது. மூன்று கியர் பெட்டியோடு 2.41, 2.56 என்றெல்லாம் போட்டுச் சமாளித்தார்கள். ஓவர்டிரைவ் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1994–96 செவ்ரோலே இம்பாலா எஸ்எஸ் காரில் 3.08 இருந்தது, அதே காலத்து சாதாரண கேப்ரிஸில் பெரும்பாலும் 2.56தான்.

என் வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினேன். ஷாஃப்ட் ஒன்றரைக்கும் குறைவாகவே சுற்றியது. அரை மணி நேரம் குழம்பினேன். இரண்டு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்புதான் டிஃபரன்ஷியல்; சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அசையாமல் நின்றால், மற்றதை இரண்டு சுற்று சுற்றினால்தான் கணக்குச் சரியாக வரும். இதெல்லாம் வேண்டாம் என்றால் ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் ஆக்ஸில் குறியீடு இருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது!

கிரவுன், பினியனை மட்டும் மாற்றினால் பல் இடைவெளியை நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டும், பிசகினால் ஊளையிடும். அதனால் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில், அதே காலத்து போலீஸ் ஃபோர்டு கிரவுன் விக்டோரியா காரின் 3.27 ஆக்ஸிலை முழுசாக வாங்கிப் பொருத்தச் சொன்னேன். பொருத்தியவர் எல்லாம் முடிந்தது என்று சாவியைக் கொடுத்தார். நெடுஞ்சாலையில் ஸ்பீடோமீட்டர் 70 காட்டுகிறது, லாரிகள்கூட என்னைத் தாண்டிப் போகின்றன. ஸ்பீடு சென்சார் கியர்பாக்ஸின் வாலில் இருப்பதால், வண்டியின் கணினி இன்னும் 2.73 என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. உண்மையான வேகம் 58தான். கணினியில் விகிதத்தைத் திருத்திய பிறகுதான் கியர் மாறும் நேரமும் ஒழுங்குக்கு வந்தது.

இப்போது நான்கு வருடம் ஆகிறது. 225/60ஆர்16 டயரில், 70 மைல் வேகத்துக்கு இன்ஜின் முன்பு நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். இப்போது 2,000-ஐத் தொடுகிறது. காதில் பெரிய வித்தியாசம் இல்லை. சிக்னலில் கிளம்பும்போதுதான் தெரிகிறது: எந்த கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். மலையில் பெரும்பாலும் ஓவர்டிரைவிலேயே ஏறிவிடுகிறது. நெடுஞ்சாலை மைலேஜ் கேலனுக்கு ஒன்றரை மைல் குறைந்தது. நகரத்தில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

3.55 போட்டிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பந்தயம் ஓட்டுபவருக்குச் சரி. அப்புறம், தினமும் சமதள நெடுஞ்சாலையில் மட்டும் போகிறவர் 2.73-ஐத் தொடவே வேண்டாம். என் பழைய 2.73 ஆக்ஸில் இன்னும் கராஜ் மூலையில்தான் கிடக்கிறது. விற்கலாம் என்றால் கேட்பார் இல்லை.