எஸ்பி-700, டிடி600, வி860: எந்த ஃப்ளாஷ் யாருக்கு?

அக்கா மகன் போன மாதம் ஒரு நிக்கான் டி5600 கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். வளைகாப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று சொந்தத்துக்குள் நடக்கும் விசேஷங்களை எடுத்துக் கொடுக்க வேண்டுமென்று ஆசை. இரண்டாவது வாரமே ஃபோன் வந்தது. “மாமா, கடைக்கு வந்திருக்கேன். ஒரு ஃப்ளாஷ்ல கைடு நம்பர் 60-ன்னு போட்டிருக்கு. நிக்கானோடதுல 28 தான் இருக்கு, விலையோ மூணு மடங்குக்கு மேல. 60-ஐயே எடுத்துரட்டுமா?”

“ஒண்ணும் எடுக்காத, நேரா வீட்டுக்கு வாடா” என்றேன். அன்று சாயங்காலம் அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவன் முன்னால் இருந்தவை மூன்று: நிக்கானின் எஸ்பி-700, கோடாக்ஸ் டிடி600, கோடாக்ஸ் வி860-இன் மூன்றாம் பதிப்பு. கேனானோ சோனியோ வைத்திருப்பவர்களுக்கும் மாடல் பெயர்தான் மாறும், வகை இதே மூன்றுதான். கேமரா கம்பெனியின் சொந்த ஃப்ளாஷ். எல்லாவற்றையும் நாமே கையால் வைக்க வேண்டிய மலிவு ஃப்ளாஷ். தானே அளந்து அடிக்கும் வெளிக் கம்பெனி ஃப்ளாஷ்.

முதலில் அந்த 60-க்கும் 28-க்கும் வருவோம். ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண்தான் கைடு நம்பர். தூரத்தை, லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் அப்பர்ச்சர் எண்ணால் பெருக்கினால் அது வரும். ஐஎஸ்ஓ, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவு, 100-இல் இருக்கும்போது கைடு நம்பர் 28 என்றால், எஃப் 4 வைத்தால் 7 மீட்டர் தள்ளி நிற்பவர் மேல் சரியான வெளிச்சம் விழும். இதில் கடைக்காரர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஃப்ளாஷின் தலைக்குள் ஜூம் இருக்கிறது. டார்ச் லைட்டைக் குவிப்பதுபோல் ஒளியைக் குவித்தால் எண் ஏறும், விரித்தால் இறங்கும். எஸ்பி-700-க்கு நிக்கான் சொல்லும் 28, தலையை விரித்து 35 மில்லிமீட்டரில் அளந்தது. டிடி600-இன் 60, நன்றாகக் குவித்து 200 மில்லிமீட்டரில் அளந்தது. கேனானின் 600இஎக்ஸ்-ஆர்டி ஃப்ளாஷை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும்: 200 மில்லிமீட்டரில் 60 காட்டும் அதே ஃப்ளாஷ், 35-க்கு வந்தால் 36. ஆக, ஒரே ஜூமில் வைத்துப் பார்த்தால் 60 என்று எழுதிய பெரிய ஃப்ளாஷுக்கும் எஸ்பி-700-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி, கூடத் தேறாது. ஐஎஸ்ஓ-வை 400-இலிருந்து 800-க்கு ஏற்றினால் அந்தக் கடன் தீர்ந்துவிடும். அட்டையில் இருக்கும் எண்ணை நம்பி ஃப்ளாஷ் வாங்காதீர்கள்.

நான் பார்ப்பது இரண்டுதான். தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்புகிறதா? ஒருமுறை அடித்த பிறகு அடுத்த அடிக்கு எத்தனை நொடியில் தயாராகிறது?

தலை திரும்புவதில் மூன்றுமே தேறிவிடும். இருந்தாலும் இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லியாக வேண்டும். கேமராவிலேயே வரும் பாப்-அப் ஃப்ளாஷின் கைடு நம்பர் பெரும்பாலும் 7-இலிருந்து 12-க்குள் இருக்கும். அந்தச் சின்ன எண்ணைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது லென்ஸுக்கு மிக அருகில் உட்கார்ந்துகொண்டு நேராக முகத்தில் அடிப்பதுதான் தாங்காது. விழித்திரையில் பட்ட ஒளி அப்படியே திரும்பி வந்து கண் சிவக்கும். நெற்றி எண்ணெய் வழிவதுபோல் மின்னும். பின்னால் சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். ஃப்ளாஷின் தலையைக் கூரையை நோக்கித் திருப்பினால் முழுக் கூரையுமே விளக்காகிவிடும். முகத்தில் வெளிச்சம் மெத்தென்று இறங்கும், கண்ணாடி போட்டவர்களுக்கும் கண் தெரியும்.

ஆனால் கூரைக்கும் கணக்கு உண்டு. பத்தடி உயர வெள்ளைக் கூரையுள்ள வீட்டில், மூன்று மீட்டர் தள்ளி இருப்பவரை எடுக்க, ஒளி மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய 4 மீட்டர் ஓடுகிறது. இருபதடி உயரக் கல்யாண மண்டபத்தில் அதே ஓட்டம் 9 மீட்டரைத் தாண்டிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் நாலு மடங்கு ஒளி வேண்டும். எனவே வீட்டில் கால்வாசி பவரில் முடிகிற வேலைக்கு மண்டபத்தில் முழு பவரும் போதாமல் போகலாம். பச்சைச் சுவருள்ள அறையில் பவுன்ஸ் செய்தால், அதாவது ஒளியைச் சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்பவைத்தால், மணப்பெண்ணின் முகம் பச்சை பூசிக்கொள்ளும். சிவப்புச் சாமியானாவுக்குக் கீழே எல்லோரும் சிவப்பு. கீற்றுக் கொட்டகை ஒளியைக் குடித்தேவிடும், திருப்பித் தராது. அந்த மாதிரி இடங்களில் தலையைப் பக்கத்து வெள்ளைச் சுவருக்குத் திருப்புவேன். சுவரும் இல்லையென்றால் உள்ளங்கை அகல வெள்ளை அட்டையை ஃப்ளாஷின் முதுகில் ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்வேன். மேலே மட்டும் நிமிரும், பக்கவாட்டில் திரும்பாத எஸ்பி-300 போன்ற குட்டி ஃப்ளாஷ்களை விசேஷ வேலைக்கு நான் சொல்லாததன் காரணம் இதுதான். ஆளுயரப் படம் எடுக்கக் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால், கூரையைப் பார்க்க வேண்டிய தலை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி, தானே அளப்பதா, நாம் வைப்பதா என்ற கேள்வி. விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். தானே அளக்கும் முறைக்கு டிடிஎல் என்று பெயர். டிடிஎல் ஃப்ளாஷ், படம் பதிவதற்கு ஒரு கண நேரம் முன்னால் சின்னதாக ஒருமுறை அடிக்கிறது. திரும்பி வரும் ஒளியைக் கேமரா அளந்து, உண்மையான அடிக்கு எவ்வளவு பவர் வேண்டுமென்று உத்தரவிடுகிறது. நிக்கானில் இப்போதுள்ள ஐ-டிடிஎல் முறை 2003-இல் வந்தது, கேனானின் ஈ-டிடிஎல் இரண்டாம் பதிப்பு 2004-இல். எஸ்பி-700 இதைப் பிறவியிலேயே பேசும். வி860 கற்றுக்கொண்டு பேசும். டிடி600-க்கு இந்தப் பாஷையே தெரியாது. முழு பவரிலிருந்து 1/128 வரை நாமே பொத்தானை அழுத்தி வைக்க வேண்டும்.

இப்படி நாமே வைப்பதுதான் மேனுவல். மேனுவல் என்றதும் மட்டமாக நினைத்துவிடாதீர்கள். ரிசப்ஷன் மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் நிற்கும் இடம் மாறாது, பொண்ணு மாப்பிள்ளை நிற்கும் இடமும் மாறாது, வரிசையில் வருபவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பெரியவர்கள் வந்து நின்றால், ‘இவ்வளவு வெள்ளையா’ என்று டிடிஎல் ஒளியைக் குறைத்துவிடும், முகங்கள் மங்கும். அடுத்து அரக்குப் பட்டில் நாலு பேர் வந்தால் கூட்டிவிடும், முகங்கள் வெளிறும். டிடி600-ஐ 1/4-இல் வைத்துவிட்டால் முதல் படத்திலிருந்து முந்நூறாவது படம் வரை ஒரே வெளிச்சம். நகை, வாழையிலைச் சாப்பாடு, நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கும் படம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வெளிச்சம் எப்படி நடந்துகொள்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஆட்கள் நடக்கத் தொடங்கியதும் அந்தச் சௌகரியம் போய்விடும். மாப்பிள்ளை அழைப்பில் ஒரு நிமிடம் இரண்டு மீட்டரில் இருப்பவர் அடுத்த நிமிடம் நாலு மீட்டரில் இருப்பார். காதுகுத்தில் குழந்தை தாய்மாமன் மடியில் துள்ளும்போது 1/4-ஐ 1/2 ஆக்கிக்கொண்டிருக்க நேரம் ஏது? அங்கே டிடிஎல் வேண்டும். வெள்ளை வேட்டிக்காரர்கள் வந்தால் ஃப்ளாஷ் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் காம்பென்சேஷனை ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளலாம். எஸ்பி-700, வி860 இரண்டிலுமே டிடிஎல், மேனுவல் இரண்டும் உண்டு என்பதால், மேடைக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். டிடி600-இல் அந்த வழி இல்லை.

அடுத்தது நொடிக் கணக்கு. இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் சித்தப்பா மகள் கல்யாணம். அப்போது என்னிடம் இருந்தது நாலு பென்சில் செல் போடும் ஃப்ளாஷ். காலை ஐந்து மணியிலிருந்து உயரக் கூரைக்குப் பவுன்ஸ் செய்து, கிட்டத்தட்ட முழு பவரில் அடித்துக்கொண்டே இருந்தேன். கெட்டிமேளம் கொட்டத் தொடங்கியது. முதல் முடிச்சுக்கு முன் ஒரு படம் எடுத்தேன், வந்தது. உடனே மறுபடி அழுத்தினேன். ஃப்ளாஷுக்குள் அந்த மெல்லிய ‘ஙீ…’ சத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது, முதுகில் சிவப்பு விளக்கு எரியவில்லை. ஷட்டர் மட்டும் விழுந்தது. தாலி கழுத்தில் ஏறுகிற அந்தப் படத்தில், ஓமத் தீயின் வெளிச்சம் பட்ட தாடை மட்டும் தெரிகிறது. மற்றதெல்லாம் இருட்டு. அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

நல்ல ரீசார்ஜ் செல் போட்டால் எஸ்பி-700, டிடி600 இரண்டுமே முழு பவரில் அடித்துவிட்டுத் திரும்பத் தயாராக ஏறக்குறைய இரண்டரை நொடி எடுக்கும். அதுவும் செல் நிறைந்திருக்கும்போது. தீரத் தீர ஐந்து, ஆறு என்று நீளும். வி860 லித்தியம் பேட்டரியில் ஓடுகிறது. முழு பவரில் ஒன்றரை நொடி, ஒரு சார்ஜில் 480 முழு அடிகள் என்பது கம்பெனிக் கணக்கு. நான் அனுபவத்தில் கண்ட பெரிய லாபம் வேறு: கடைசி நூறு படங்களிலும் அந்த வேகம் தொய்வதில்லை. முகூர்த்தம் எடுப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

லித்தியத்துக்கு எதிர்வாதமும் உண்டு. அந்தப் பேட்டரி அந்த ஃப்ளாஷுக்கு மட்டுமே பொருந்தும். குலதெய்வக் கோயிலுக்குப் போன கிராமத்தில் அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். பென்சில் செல் என்றால் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் அல்கலைன் கிடைக்கும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா செல்லை மட்டும் வாங்காதீர்கள், ஃப்ளாஷ் கேட்கும் கரண்டை அதனால் கொடுக்க முடியாது. எனலூப் மாதிரி ரீசார்ஜ் செல்லில் எழுதியிருப்பது 1.2 வோல்ட்தான். அல்கலைனில் 1.5. ஆனாலும் கரண்டைத் தடங்கலின்றி வேகமாகத் தருவதால் எனலூப்பில்தான் ஃப்ளாஷ் சீக்கிரம் தயாராகும். டிடிஎல் வேண்டும், பென்சில் செல்லும் வேண்டும் என்பவர்களுக்குக் கோடாக்ஸிலேயே டிடி685-இன் இரண்டாம் பதிப்பு இருக்கிறது.

ஹைஸ்பீட் சிங்க், அதாவது ஷட்டரை மிக வேகமாக வைத்தாலும் ஃப்ளாஷ் சேர்ந்து அடிக்கும் வசதி, பற்றி மருமகன் ரொம்பக் கேட்டான். டி5600-இல் ஃப்ளாஷோடு 1/200-க்கு மேல் ஷட்டரை ஏற்ற முடியாது. அந்த வசதியே அந்தக் கேமராவில் இல்லை. டி7500-இல் உண்டு. எனவே அவனைப் பொறுத்தவரை அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளி வைத்து எடுக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்பி-700 ஒளிச் சிமிட்டல் மூலம்தான் கட்டளை வாங்கும், இடையில் தூண் மறைத்தால் சில நேரம் கேட்காது. நிக்கான் ஃப்ளாஷில் ரேடியோ வந்தது 2016-இல், எஸ்பி-5000-இல். இரண்டு கோடாக்ஸிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ உள்ளேயே இருக்கிறது, கேமரா மேலே கட்டளை அனுப்பும் ஒரு ட்ரிகர் மாட்டினால் போதும். எஸ்பி-700 விலைக்கு மூன்று டிடி600 வாங்கி வீட்டிலேயே சின்ன ஸ்டூடியோ போட்டுவிடலாம். நாளை கேனானுக்கு மாறினாலும் ட்ரிகரை மட்டும் மாற்றினால் சரி.

அப்படியானால் எஸ்பி-700 எதற்கு? நிக்கானின் புதுக் கேமரா வரும்போது வெளிக் கம்பெனி ஃப்ளாஷ்கள் சில நேரம் முரண்டு பிடிக்கும், யுஎஸ்பி வழியாக ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருளைப் புதிதாக ஏற்றிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். சொந்த ஃப்ளாஷில் அந்தத் தலைவலி இல்லை. நல்ல நிலையில் பழையது கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். புதிதாக அந்த விலை கொடுக்க, ரேடியோ இல்லாத ஃப்ளாஷுக்கு எனக்கு மனம் வரவில்லை.

கேனான் 200டி மார்க் 2 வைத்திருப்பவர்கள் மேனுவல் ஃப்ளாஷ் வாங்குமுன் கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைக் குனிந்து பாருங்கள். நடுவில் இருக்க வேண்டிய பெரிய பித்தளைப் புள்ளி இருக்காது. அந்தப் புள்ளி வழியாக மட்டுமே உத்தரவு வாங்கும் மேனுவல் ஃப்ளாஷ்கள் அதில் எரியாது. அப்பா காலத்து ஃபிலிம் ஃப்ளாஷ் பரணில் கிடக்கிறது என்று எடுத்து மாட்டவும் வேண்டாம். பழையவற்றில் சில, கேமராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும். இன்றைய கேமராவின் சர்க்யூட் போய்விடலாம்.

மருமகனுக்கு நான் சொன்னது வி860. தனியாளாக ஓடி ஓடி விசேஷம் எடுப்பவனுக்கு அதுதான் சரி. கூடவே ஒரு பேட்டரி உபரியாக. வீட்டில் நகையும் சமையலும் எடுக்கும் அவன் தங்கை கேட்டிருந்தால் யோசிக்காமல் டிடி600 என்றிருப்பேன்.

மறுநாள் கடைக்கு நானும் போனேன். நம் கேமராவிலேயே மாட்டி, முழு பவரில் ஐந்து முறை அடித்து, ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்கு திரும்ப எரியும்வரை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். பிறகு பெட்டியில் மாடல் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தையும் பார்க்கச் சொன்னேன்: என் என்றால் நிக்கான், சி என்றால் கேனான், எஸ் என்றால் சோனி. பில் போட எடுத்து வந்த சீல் உடைக்காத பெட்டியில் இருந்தது சி.